பச்சை பாபினில் ஒரு சாக்பீஸ் கோடு

சென்ற மாதம் நான் வேலை பார்த்த மில்லிலிருந்து போன் வந்தது. பேசியது ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். பதவி உயர்வு பெற்ற சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்துகிறார்களாம்.

"தலைமைப் பண்பு பத்தி நீங்க வந்து பேசோணுங்க. நம்ம மில்லுல மொத லேடி சூப்பர்வைசர் நீங்கதான்னு சொன்னாங்க" என்றாள்.

கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு தாளும் அனுப்பினாள். நல்ல தலைவருக்கு இருக்க வேண்டிய பத்துக் குணங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். இந்தப் பத்தும் பொருந்திய ஆளைத் தேடச் சொன்னால் கல்யாணத் தரகரே கையை விரித்துவிடுவார்.

ஆனாலும் போனேன். கூப்பிட்டதில் எனக்குப் பெருமைதான், அதை மறைப்பானேன். அங்கே பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். பத்தாவது முடித்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் துடியலூர். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த நூல் மில்லில், வைண்டிங் செக்‌ஷனுக்குப் பெண்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய் வரிசையில் நின்றேன். பதினைந்து நாளில் முடிச்சுப் போடப் பழகினேன். ஆறு மாதத்தில் எனக்கு முன்னால் சேர்ந்தவர்களைவிட வேகமாகப் போட்டேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கை வலித்தது, அப்புறம் வலிக்கவில்லை.

வைண்டிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பின்னிங்கில் நூற்ற நூல் சின்னச் சின்ன பாபின்களில் எங்களிடம் வரும். அதைச் சுழலும் டிரம்மில் ஓட்டிப் பெரிய கோனாகச் சுற்றுவோம். ஒரு பாபின் தீர்ந்தால் அடுத்த பாபினின் நுனியை எடுத்து முடிச்சுப் போட்டுத் தொடர வேண்டும். ஒரு கோனுக்குள் இப்படி எத்தனையோ பாபின்கள் இருக்கும். நூல் போகும் வழியில் கட்டர் என்று ஒரு குறுகிய இடுக்கு உண்டு, அதில் புகாத பெரிய முடிச்சு வந்தால் நூல் அறுந்து நிற்கும். கோன் நிறைந்ததும் ஓட்டியவளின் டோக்கன் நம்பர் எழுதிய சீட்டை உள்ளே வைப்போம். நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் மெல்லியது, முப்பது அதைவிடப் பருமன். எங்கள் மில்லில் நாற்பதுக்குப் பச்சை பாபின், முப்பதுக்கு மஞ்சள் பாபின். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துத் தப்பில்லாமல் வேலை செய்யலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஹாலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் கையால் பேசிக்கொள்வோம். ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றினால் 'ஓட்டு'. உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து'. இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்துக் கீழே காட்டினால் 'வந்து பார்'. மகள் பெரியவளானது, மாமியார் சண்டை, ரேஷனில் சர்க்கரை வந்தது எல்லாம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கையாலேயே வந்து சேரும். ரகசியம் பேசுவதுதான் கஷ்டம். கையால் சொன்னது அத்தனை பேர் கண்ணிலும் படும்.

ஆட்களுக்கும் கையால் பெயர் இருந்தது. மீசையை முறுக்கிக் காட்டினால் எங்கள் மேஸ்திரி ராமசாமி வருகிறார் என்று அர்த்தம். அவர் தொண்டை அந்த மெஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வரும். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினால் ஸ்பின்னிங் மாஸ்டர் பழனியப்பன். மில்லின் உற்பத்தி முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு.

மாஸ்டரின் நடையே தனி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக வருவார். தரையில் ஒரு துண்டு நூல் கிடந்தால் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். தானே குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அடுத்த நிமிஷம் செக்‌ஷனில் உள்ள அத்தனை பேரும் விளக்குமாற்றைத் தேடுவோம். ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் காதருகே குனிந்து, "ஏனுங்க அம்மணி, இந்த நூலு என்ன பாவம் பண்ணுச்சுங்க, இப்பிடிக் கீழ போட்டு மிதிக்கறீங்க?" என்பார். அதற்கு ராமசாமி மேஸ்திரியிடம் நாலு திட்டு வாங்கிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ராமசாமி மேஸ்திரி ஓய்வு பெற்றார். மறுநாள் மாஸ்டர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, மேஸ்திரியின் ரிஜிஸ்டரையும் விசிலையும் மேஜைமேல் வைத்தார்.

"செக்‌ஷன நாளையிலிருந்து நீங்க பாத்துக்குங்க."

"நானுங்களா?"

"இந்த ரூமுல வேற ஆரு இருக்கறாங்க? ஆறு மாசம் பாப்போமுங்க. சரிப்படலீன்னா உங்க டிரம் எங்கயும் ஓடிப்போயிராது."

இருபத்திரண்டு பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் வீட்டுக்காரர் மைசூர்பாகு வாங்கி வந்தார். மாமியார் அதில் இரண்டை எடுத்துக்கொண்டு, "ஆம்பளைங்க செய்யற வேலையாச்சே கண்ணு, உனக்கு ஆகுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆகும் என்று காட்டிவிட வேண்டும் என்று அன்றே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ராமசாமி மேஸ்திரி மாதிரியே நடந்துகொள்வது. விசிலை ஊதினேன், கத்தினேன், ரிஜிஸ்டரைத் தட்டினேன். நாலே நாளில் தொண்டை கட்டிக்கொண்டு சுக்குக் காப்பி குடிக்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள், நான் வருவதைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்திக்குக் கை காட்டினாள். மீசையை முறுக்கினாள். புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வருகிற எனக்கு ராமசாமியின் மீசை!

சரி, அது வேண்டாம் என்று மாஸ்டர் மாதிரி இருந்து பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, தரையில் கிடந்த நூலைக் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் வெட்கப்படவில்லை, யாரும் விளக்குமாற்றைத் தேடவும் இல்லை. மூன்று நாள் கழித்துத் தரையில் முன்னைவிட அதிகமாக நூல் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது: "கமலாக்கா பொறுக்கிக்குவாங்கல்ல, நாம எதுக்குக் குனியோணும்?"

ஆக, கத்துவதும் எடுபடவில்லை, பேசாமல் இருப்பதும் எடுபடவில்லை. கடைசியில் இருவரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டது எதை என்றால், யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதை. அவர்கள் இரண்டு பேரும் எங்களிடம் சந்தேகம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மேலே இருப்பவள் 'தெரியாது' என்று சொன்னால் மேலே இருக்க முடியாது என்று மனதார நம்பினேன். அதனால் யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் உடனே பதில் சொன்னேன். அது எனக்கே பிடித்தும் போயிற்று.

எங்கள் செக்‌ஷனில் ஞானசுந்தரி என்று ஒருத்தி இருந்தாள். டோக்கன் நம்பர் நாற்பத்தேழு. அவள் பதிலி. அதாவது நிரந்தர ஆள் லீவு போட்டால் அந்த இடத்தில் வேலை செய்பவள். நாலு வருஷமாகப் பதிலியாகவே இருந்தாள். காலையில் கேட்டில் வந்து நின்று, இடம் இருந்தால் உள்ளே வருவாள், இல்லாவிட்டால் சோற்றுத் தூக்குப்போசியோடு திரும்பிப் போவாள். அடுத்த மாதம் நிரந்தர ஆளாகப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. நிரந்தர ஆர்டர் வாங்கியவர்கள் செக்‌ஷன் முழுக்க மிட்டாய் கொடுப்பது எங்கள் மில் வழக்கம். முதல் மிட்டாய் சூப்பர்வைசருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. 'ஆரஞ்சு மிட்டாயா, தேங்காய் மிட்டாயா?' என்று எல்லோரும் இப்போதே அவளைக் கையால் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்னை 'அக்கா' என்பாள். நான் அவளை 'வா, போ' என்பேன். எனக்குத் தோட்டங்காடு உள்ள வீடு. அவள் அப்பா அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குப் போனவர். செக்‌ஷனில் மற்ற எல்லோருக்கும் ஒரு 'ங்க' போட்ட என் வாய்க்கு அவளுக்கு மட்டும் அது வரவில்லை. அதில் கோணல் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள் பாபின்களுக்குத் தட்டுப்பாடு வந்து, இரண்டு நாள் முப்பதாம் நம்பர் நூலைப் பச்சை பாபினில் சுற்றி அனுப்பினார்கள். அடையாளத்துக்கு பாபினின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்றாம் நாள், அந்த நூலை ஓட்டிய எங்கள் மெஷினை நாற்பதுக்கு மாற்ற வேண்டும். நம்பர் மாற்றும்போது ஒரு முறை உண்டு. பழைய நூல் ஒரு பாபின்கூட மிஞ்சாமல் ஓட்டித் தீர்க்க வேண்டும். சூப்பர்வைசர் மெஷினின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்து அடியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிரம்முக்கும் பின்னால் உள்ள பாபின் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். அப்புறம்தான் ரிஜிஸ்டரில் கையெழுத்து. ராமசாமி மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் இந்த விஷயத்தில் முழங்கால் தரையில் படக் குனிவார். நான் அன்றைக்கு நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் யாரோ விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மெஷினுக்கடியில் மண்டியிட்டுக் கிடப்பதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையான காரணம் இதுதான்.

அடியில் ஒரு பெட்டி பாபின் மிஞ்சியிருந்தது. காற்றில் ஈரம் இருக்க வேண்டும் என்று ஹாலில் எந்நேரமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தில் சாக்பீஸ் கோடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஞானசுந்தரி அந்தப் பெட்டியை இழுத்து ஒரு பாபினை எடுத்தாள். அடியைப் பார்த்தாள். பத்து டிரம் தள்ளி நின்ற என் பக்கம் திரும்பி, பாபினைத் தூக்கிப் பிடித்து அடியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்தாள். வந்து பார்.

விருந்தாளிகள் கதவருகே வந்துவிட்டார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே விரலைச் சுற்றினேன். ஓட்டு.

அவள் ஒரு நொடி தயங்கினாள். நான் இன்னொரு தடவை, வேகமாகச் சுற்றினேன். ஓட்டினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பூரிலிருந்து ஒரு துணித்துண்டு வந்தது. எங்கள் நூலில் பின்னிய பனியன் துணி. மாஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மெல்லிய துணியில் குறுக்கே தடித்தடியாகப் பட்டை. நாற்பதுக்குள் முப்பது கலந்திருக்கிறது. பட்டை விழுந்த கோனில் இருந்த சீட்டையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தேழு.

அன்று மத்தியானம் மாஸ்டர் ரூமில் விசாரணை. மாஸ்டர், ஆபீசிலிருந்து ஒருவர், நான், ஞானசுந்தரி. ஆபீஸ்காரர் அவசரத்தில் இருந்தார். பதிலிதானே, பட்டியலில் பெயரை அடித்துவிட்டு இனி கேட்டில் விட வேண்டாம் என்று சொல்லிவிடலாம், திருப்பூர்காரருக்கும் நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதிவிடலாம் என்றார்.

மாஸ்டர் அவளைப் பார்த்து, "பாபினைப் பாத்துத்தான் ஓட்டுனீங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"பாத்துத்தானுங்க ஓட்டுனேன்."

"சந்தேகம் ஒண்ணும் வரலீங்களா? ஆரையாச்சும் கேட்டீங்களா?"

அவள் என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "மெஷின் சத்தத்துல ஆரு சொன்னாலும் காதுல உழுகாதுங்களே" என்றாள்.

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க அம்மணி?" என்றார்.

நான் சொன்னேன்: "விசாரிச்சுச் சொல்றேனுங்க மாஸ்டர்."

இப்போது எழுதும்போதும் கூசுகிறது. யாரை விசாரிப்பது? விரலைச் சுற்றியது என் கை. ஆறு மாதச் சோதனைக் காலத்தில் நாலாவது மாதம் அது. மாமியாரின் கேள்வி, மைசூர்பாகு, மீசைக் கேலி எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. மாஸ்டர், "சரிங்க, நாளைக்கிப் பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். ஆபீஸ்காரருக்கு அது பிடிக்கவில்லை. முடிவு தெரியும்வரை ஞானசுந்தரி வேலைக்கு நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாபினை எடுத்தது அவள்தானே, ஓட்டியது அவள்தானே என்று. துடியலூர் வருவதற்குள் அதை நானே ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் செக்‌ஷனுக்குள் நுழைந்தேன். கைகள் நின்றுவிட்டன. கோடியில் இரண்டு பேர் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் கையைக் கீழே போட்டார்கள். நான் எந்த வரிசையில் நடந்தாலும் அந்த வரிசையின் கைகள் வேலையை மட்டும் செய்தன. மீசைகூட யாரும் முறுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான் விரலைச் சுற்றியதைச் செக்‌ஷன் முழுவதும் பார்த்திருக்கிறது. ஒருத்தி விடாமல் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் மாஸ்டரிடம் போய்ச் சொல்லவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தேன். மாஸ்டர் ரூமுக்கு முன்னால் உள்ள பெஞ்சில் ஞானசுந்தரி தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள், திட்டுவாள், காலில் விழுவாள் என்று எதை எதையோ எதிர்பார்த்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் எழுந்து நின்று சொன்னது இது:

"அக்கா, எட்டாம் நம்பர் டிரம்முல கட்டர் இடுக்கு அகண்டு கெடக்குதுங்க. முடிச்சு பெருசா இருந்தாலும் உட்டுப்போடுது. இன்னைக்கி அதுல நிக்கறவிங்ககிட்டச் சொல்லீருங்க."

தன் வேலை போகப் போகிறது, அவள் டிரம்மைப் பற்றிக் கவலைப்படுகிறாள். இந்த செக்‌ஷனுக்கு யார் தலைமை தாங்குகிறார்கள் என்று யாராவது அந்த நிமிஷம் கேட்டிருந்தால், விசில் போட்ட கழுத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேனோ தெரியாது. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக்கொண்டு நேரே மாஸ்டர் ரூமுக்குள் போனேன். விசிலையும் ரிஜிஸ்டரையும் மேஜைமேல் வைத்தேன்.

"கேட்டாங்க மாஸ்டர். பாபினைத் தூக்கிக் காட்டி, வந்து பாருன்னு கூப்புட்டாங்க. நாந்தான் போகாம ஓட்டச் சொல்லிப்போட்டேன். அதுக்கு முந்தி மெஷினுக்கடியில குனிஞ்சு பாக்காமக் கையெழுத்துப் போட்டதும் நாந்தானுங்க. அவிங்க மேல தப்பில்லீங்க."

'கேட்டாங்க' என்று என் வாயில் வந்ததை நானே கேட்டேன். அவரைப் பற்றிப் பேசும்போது அந்த மரியாதை வந்தது அதுதான் முதல் தடவை. அதனால் இனி எழுதும்போதும் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

மாஸ்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காதுல உழுகாதுங்கன்னு அந்தப் புள்ள நேத்துச் சொல்லுச்சுல்லங்க, அப்பவே எனக்குத் தெரியும். மில்லுல எவன் காதுல வேலை செய்யறான்? முப்பது வருசமா நானும் கையப் பாத்துத்தானுங்க பொழைக்கறேன்."

"தெரிஞ்சும் ஏனுங்க நேத்தே கேக்கல?"

"நான் கேட்டு நீங்க சொன்னா அது எனக்குச் சொல்ற பதிலுங்க. நீங்களா சொல்லோணும்னுதான் ஒரு நாள் உட்டுப் பாத்தேன்." அப்புறம் ரிஜிஸ்டரைத் திறந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "உங்க ஆறு மாசத்த ஒரு வருசமாக்கறேனுங்க. பேப்பர்ல காரணமும் எழுதீருவேன். அந்தப் புள்ளையோட ஒரு நாள் வேலை என்னால போச்சுன்னு நீங்க ஆபீசுல எழுதிக் குடுத்துப்போடுங்க. ஆமாங், இந்த விசில எடுத்துட்டுப் போங்க. இங்க எனக்கெதுக்குங்க?"

ஞானசுந்தரி அக்காவைக் கூட்டிக்கொண்டு செக்‌ஷனுக்குள் போனேன். ஆமாம், அன்றிலிருந்து நானும் அவரை அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்பதை விடவில்லை. வாசலில் நின்று விசிலை ஊதினேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் அவரைக் காட்டினேன், அவருடைய டிரம்மைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டேன், விரலைக் காற்றில் சுற்றினேன். ஓட்டச் சொன்னது நான். பிறகு மாஸ்டர் ரூம் பக்கம் கையைக் காட்டி, வாயைத் தொட்டேன். சொல்லிவிட்டேன். கை தட்டலெல்லாம் இல்லை. எல்லோரும் திரும்பி வேலையைப் பார்த்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கைகள் மறுபடி பேச ஆரம்பித்தன. ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறதாம்.

தப்பை ஒப்புக்கொண்டதோடு தப்பு தீரவில்லை. குடோனில் அந்த நாளின் மூட்டைகள் அடுக்கியிருந்தன. திருப்பூரிலிருந்து மீதி மூட்டைகளும் திரும்பி வந்தன. மிஞ்சிய பெட்டி அது ஒன்றுதானா என்று நான் பார்க்காததால், அன்று ஓடிய எல்லாக் கோனும் சந்தேகம்தான். எந்தக் கோனுக்குள் எத்தனையாவது அடுக்கில் முப்பது இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நீல விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வேறு பஞ்சு கலந்திருந்தால் தெரியும். இது ஒரே பஞ்சு. சோதனை லேபில் நூற்றிருபது கெஜம் சுற்றி எடை போட்டால் மேலே உள்ள நூலின் நம்பர் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. ஒரு வாரத்தில் சுத்தமான நூல் போகாவிட்டால் இனி நம் மில் நூலே வேண்டாம் என்று திருப்பூர்காரர் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அதைச் சொன்னேன்: "எனக்கு வழி தெரியலீங்க. உங்குளுக்கு ஏதாச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க." சொல்லும்வரை பயமாக இருந்தது. சொன்ன பிறகு, நாலு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த சிமெண்டு மூட்டையைக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

ஞானசுந்தரி அக்கா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"கோன் பூராத்தையும் எதுக்குங்க தேடறது? நூலு மாறுச்சுன்னா முடிச்சுலதான மாறோணும்? கட்டர் இடுக்கக் குறுக்கி வெச்சுத் திருப்பி ஓட்டுனா முடிச்சு வர்றப்பல்லாம் அறுந்து நிக்குமுங்க. அந்த எடத்துல ரெண்டு பக்கத்தையும் வெரல்ல உருட்டிப் பாத்தாப் போதும். முப்பது எது, நாப்பது எதுன்னு வெரலுக்குத் தெரியாதுங்களா?"

தெரியுமா என்று பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் துண்டு நூலை உருட்டிப் பத்தையும் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வாரத்துக்கு அவர் சொன்னபடிதான் வேலை நடந்தது. எந்த மெஷினில் யார் நிற்பது என்றுகூட அவரே சொன்னார். நான் கூடை தூக்கினேன், கட்டரைத் திருகினேன், ஒவ்வொரு முறையும் மெஷின் மாற்றும்போது முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். விருந்தாளிகளோ முதலாளியோ யார் வந்தாலும் குனிந்தேன். ஏழாம் நாள் காலை லாரி திருப்பூருக்குக் கிளம்பியது. ஒரு கோனும் திரும்பி வரவில்லை. நான் இருந்த காலம்வரை எங்கள் செக்‌ஷனிலிருந்து நம்பர் கலந்த கோன் அதற்குப் பிறகு ஒன்றுகூட வெளியே போனதில்லை. இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொல்வதில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் நான் வருவதைப் பார்த்துக் கோடியில் இருந்தவள் அடுத்தவளுக்குக் கை காட்டினாள். மீசை இல்லை. பின்னால் கட்டிய கையும் இல்லை. தலையைச் சாய்த்து, உடம்பை வளைத்து, அடியில் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு குனிவு. அதுதான் நான். ஓய்வு பெறும்வரை மில்லில் என் பெயர் அதுவாகவே இருந்தது. கேலிதான், தெரியும். ஆனால் அது யாரிடமிருந்தும் இரவல் வாங்கியது இல்லை.

இவ்வளவையும் போன மாதம் வகுப்பில் சொன்னேன். இப்போது அந்த ஹாலில் எல்லாம் தானியங்கி மெஷின்கள். நூல் மாறினால் அதுவே கண்டுபிடித்து விளக்கெரிக்கிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன், பத்துக் குணத்தில் இது எத்தனையாவது என்று கேட்டான். தாளைத் திருப்பிப் பார், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, எழுதிக்கொள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னால் இருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. "அவிங்க உங்கள மன்னிச்சாங்களா மேடம்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் அவளுக்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் ஞானசுந்தரி அக்காவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. எவர்சில்வர் தட்டில் தேங்காய் மிட்டாயோடு செக்‌ஷனுக்குள் வந்தார். வழக்கப்படி முதல் மிட்டாய் எனக்குத்தான் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு டிரம்மாக நின்று, கூட்டுகிற ஆளுக்கு, எண்ணெய் போடுகிற ஆளுக்கு, எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. என்னக்கா, சூப்பர்வைசருக்கு முதலில் இல்லையா என்று கையால் கேட்டேன்.

அவர் கையால் பதில் சொல்லவில்லை. கையால் சொன்னால் இருபத்திரண்டு பேரும் பார்ப்பார்கள். கிட்டே வந்து, என் தோளைப் பிடித்து, காதோடு வாயை வைத்துச் சொன்னார்:

"நீங்க ஒரு நாள் லேட்டுங்க அக்கா."

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். ஏழாம் நம்பர் மெஷினை மாற்ற வேண்டியிருந்தது. குனிந்து பார்க்கப் போனேன்.